கண்ணாடிக் கூரையும் கம்பளித் தொப்பியும்

கம்பெனி கொடுத்த புத்தம்புதுத் தொப்பியைச் சாயங்காலம் தொடங்கி விடியும்வரை வாளித் தண்ணீரில் ஊற வைத்தவன் நான். அழுக்குப் போவதற்காக அல்ல. மேலதிகாரி சொன்னார், செய்தேன். அவர் அப்படிச் சொல்லவே இல்லை என்பது காலையில்தான் தெரிந்தது. அதற்குள் தொப்பி ஒரு சுற்றுச் சிறுத்து, வாளித் தண்ணீர் பால் விடாத கட்டன்சாயா நிறத்துக்கு வந்திருந்தது. முப்பது வருடத்துக்குமேல் ஓட்டல் வாசலில் நின்று ஓய்வு பெற்றவன் தன் அனுபவத்தை இங்கிருந்து தொடங்குவது அவ்வளவு கௌரவமாக இல்லைதான். ஆனால் ஷாஜி கேட்ட கேள்விக்கு நேர்மையான பதில் இந்த வாளியிலிருந்துதான் தொடங்குகிறது.

ஷாஜி இப்போது அதே வாசலின் பொறுப்பாளர். போன வாரம் ஒரு குரல் செய்தி அனுப்பியிருந்தார். சில வருடங்களாகக் கோடையில் அலமாரிக்குள் கிடந்த ஃபெல்ட் தொப்பியைப் புது நிர்வாகம் மறுபடி வெளியே எடுக்கிறதாம். "முத்தண்ணே, இதைத் தலையில வச்சுட்டு நிங்ஙள் எப்படி நின்னு? ஒரு பேப்பர்ல எழுதித் தந்தா மதி, போதும். ஸ்டாஃபுக்குக் காட்டணும்." ஒரு பேப்பரில் அடங்கக்கூடிய விஷயமாக இருந்திருந்தால் எனக்கும் நிம்மதிதான்.

சாந்தன்பாறைக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்து லயத்தில், சுவரோடு சுவர் ஒட்டிய பத்து வீடுகளில் ஆறாவதில் பிறந்தவன் நான். தோட்டத்தின் பழைய பங்களாவை ஓட்டலாக மாற்றியபோது வாசலில் நிற்க ஆறடி உயரத்தில் ஓர் ஆள் தேவைப்பட்டது. லயத்தில் ஆறடிக்கு நான் ஒருவன்தான் இருந்தேன். நேர்முகத் தேர்வு அத்துடன் முடிந்தது. பயிற்சி மூன்று நாள். முதல் நாள் தொப்பியைத் தூக்கக் கற்றுக்கொடுத்தார்கள், இரண்டாம் நாள் குனிய, மூன்றாம் நாள் இரண்டையும் சேர்த்துச் செய்ய. அடுத்த பதினாறு வருடத்தை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: பனி பெய்தது, தொப்பி கதகதப்பாக இருந்தது, கிடைத்த நேரத்தில் நூலகத்துப் புத்தகங்களை வாசித்தேன்.

பிறகு கம்பெனி பாலக்காட்டுக்கு வெளியே, கோயமுத்தூர் ரோட்டில் இன்னொரு ஓட்டல் கட்டியது. மலை ஓட்டலின் வரைபடத்தை அப்படியே சுருட்டிக் கொண்டுவந்து சமவெளியில் விரித்துவிட்டார்கள். வாசல் போர்ட்டிகோவுக்குக் கண்ணாடிக் கூரை. விருந்தினர் அண்ணாந்து பார்த்தால் மூடுபனி நகர்வது தெரியவேண்டும் என்பதற்காக மலையில் வைத்தது அது. பாலக்காட்டில் அண்ணாந்து பார்த்தால் சூரியன் தெரிந்தது. வாளையார் பக்கமிருந்து வரும் மதியக் காற்றோ, இஸ்திரிப் பெட்டியைத் திறந்து முகத்துக்கு நேரே ஊதினது போல. கட்டடத்தோடு தொப்பியும் வந்தது, தொப்பியோடு நானும் வந்தேன். கம்பளி மயிரை நெய்யாமல் அமுக்கி அமுக்கிச் செய்த கனமான தொப்பி. ஒருநாள் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன். அரைக் கிலோவுக்குக் கொஞ்சம்தான் குறைச்சல். பாலக்காட்டு மீனத்திலும் மேடத்திலும், அதாவது பங்குனி சித்திரை வெயிலில், அது தலையில் உட்காருவது, அடுப்பிலிருக்கும் பானைக்குக் கம்பளி போர்த்துவது மாதிரி.

அங்கே என் மேலதிகாரி ராஜாமணி சார். கல்பாத்தி அக்ரகாரத்துக்காரர். வழுக்கைத் தலை, வெள்ளை அரைக்கைச் சட்டை, பேசுவதற்கு முன்னால் ஒரு தடவையும் பேசிய பின்னால் ஒரு தடவையும் கைக்கடிகாரத்தைப் பார்க்கும் பழக்கம். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. முதல் நாள் என்னை நிறுத்திவைத்து அவர் சொன்னது இது:

"ட்யூட்டி முடிஞ்சா தொப்பிய ஊரி வைக்கணும், கேட்டயா. போட்டுண்டு வெளில போப்படாது."

மலையாளத்தில் ஊரி வைப்பது என்றால் கழற்றி வைப்பது. பாலக்காட்டுத் தமிழிலும் அது சகஜமாகப் புழங்குகிறது. மலையில் தமிழ்ப் பள்ளிக்கூடத்திலேயே படித்து, தமிழ்ப் புத்தகங்களாகவே வாசித்து, மலையாளத்தைப் பஸ் போர்டு அளவுக்கு மட்டும் தெரிந்துவைத்திருந்த என் காதில் அது ‘ஊற வைக்கணும்’ என்று விழுந்தது. சமவெளியில் கம்பளித் தொப்பியை இப்படித்தான் பராமரிப்பார்கள் போலிருக்கிறது, நாமும் பதினாறு வருடமாக இது தெரியாமல் இருந்துவிட்டோமே என்று வெட்கப்பட்டுக்கொண்டேதான் வாளியை எடுத்தேன்.

மறுநாள் காலை அந்த ஈரத் தொப்பியோடு வாசலில் நின்றேன். முதல் இரண்டு மணி நேரம், உண்மையைச் சொல்கிறேன், தலைக்குள் எங்கள் சாந்தன்பாறைக் காற்று வீசியது. பத்து மணிக்குத் தொப்பி காய்ந்தது. காயக் காயச் சுருங்கியது. பதினொரு மணிக்கு என் தலையை அது குறடு மாதிரிப் பிடித்திருந்தது. விருந்தினரைப் பார்த்து அதைத் தூக்கப்போனால் புருவங்களும் சேர்ந்து மேலே போயின.

ராஜாமணி சார் வந்து நின்றார். கடிகாரத்தைப் பார்த்தார். "என்னடா இது?"

"நீங்கதான சார் ஊற வைக்கச் சொன்னீக."

"நான் ஊரி வைக்கச் சொன்னேன். நீ ஊற வச்சுட்டே. நாம ரெண்டு பேரும் பேசறது தமிழாக்கும்," என்றார். மறுபடி கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, சமையலறையிலிருந்து தேங்காயெண்ணெய் வரவழைத்து, என் நெற்றியில் சுற்றிலும் தடவி, அவரே இரண்டு கையாலும் தொப்பியைப் பிடித்து இழுத்தார். நான் கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன்.

ஷாஜி, இதில் நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. ஈரம் நல்லது. ஆனால் ஈரம் தொப்பியில் இருக்கக்கூடாது. அதை வேறு எங்கே வைப்பது என்று கண்டுபிடிக்கத்தான் எனக்கு அடுத்த சில கோடைகள் ஆயின.

பனிக்கட்டியை வைத்துப் பார்த்தேன். நாலு துண்டைத் துணியில் முடிந்து தொப்பிக்குள் செருகினேன். அன்றைக்கு அறையைக் காலி செய்துகொண்டு கிளம்பிய கோயமுத்தூர் அம்மாள் ஒருத்தி, என் கன்னங்களில் தாரை தாரையாக வழிவதைப் பார்த்துவிட்டுக் காரிலிருந்து இறங்கி வந்து, "அழாதீங்க, வர்ற வருசமும் இங்கதான் வருவோம்," என்று தேற்றிவிட்டுப் போனார். ராஜாமணி சார் என் நடத்தை ஏட்டில் நல்லவிதமாக ஒரு வரி எழுதினார். அதன்பிறகு பனிக்கட்டி வைக்க எனக்கு மனம் வரவில்லை.

சரியான வழியைக் கண்டுபிடித்தது பழனிச்சாமி. வாசலின் மறுபக்கத்தில் நின்ற என் கூட்டாளி. கொழிஞ்சாம்பாறைக்காரர், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், ஆனாலும் எனக்கும் ‘ங்க’ போட்டுத்தான் பேசுவார். நாய்க்கும் அப்படித்தான். ஒருநாள் வெட்டிவேரை வளையமாகச் சுற்றி, நூல்போட்டுக் கட்டி, தலைச்சுமைக்காரர்கள் வைப்பார்களே சும்மாடு, அதுபோல ஒன்று செய்துகொண்டுவந்தார்.

"ஏனுங் முத்து, தொப்பிய மண்டையில வைக்காதீங்க. இது மேல வையுங்க. நடுவால காத்துப் போகோணுமுங்க."

இதுதான் விஷயம். தொப்பிக்கும் தலைக்கும் நடுவே ஒரு விரற்கடை இடைவெளி. வேரை மட்டும் தண்ணீரில் நனைத்து, ஒரு சொட்டுகூடச் சொட்டாத அளவுக்கு உதறி வைக்கவேண்டும். பிடரியில் காலருக்குள் ஈரக் கைக்குட்டை ஒன்று. உப்புப் போட்ட சம்பாரம், அதாவது நீர்மோர், தாகம் எடுப்பதற்கு முன்பே. இரண்டு பேர் தொப்பியும் உயர்ந்துகொண்டே போவதை ராஜாமணி சார் கவனித்தார். "என்ன, தொப்பி வளர்றதா?" என்று மட்டும் கேட்டார். பதிலுக்குக் காத்திருக்காமல் உள்ளே போய்விட்டார்.

இருந்தாலும் தொப்பி தலையைவிட்டு முழுசாக எழும்பினால்தான் உள்ளே சிக்கிய சூடு வெளியே போகும். அதற்கு விதி இடம் கொடுக்கவில்லை. பணியில் இருக்கும்போது தொப்பி தலையிலேயே இருக்கவேண்டும், விருந்தினரை வணங்க மட்டும் தூக்கலாம் என்பது விதி. நான் வாசிப்புப் பழக்கம் உள்ளவன் அல்லவா, விதிப் புத்தகத்தையும் விடாமல் வாசித்தேன். படிக்கட்டுக்கு ஆறடிக்குள் வரும் எவரும் விருந்தினர் என்று அதில் போட்டிருந்தது. எவரும்.

அன்றிலிருந்து நாங்கள் எல்லோரையும் வணங்கினோம். காஸ் சிலிண்டர்க்காரரை, சலவை வண்டி ஓட்டுநரை, தபால்காரரை, வழி கேட்க வந்தவரை, தப்பான ஓட்டலுக்கு வந்துவிட்டுத் திரும்பிப் போனவரை. ஆறடிக்குள் வந்த ஒரு பசுவையும் பழனிச்சாமி வணங்கினார். வணங்கும்போது தொப்பியை மேலே பிடித்து, உள்ளுக்குள் ஒன்று இரண்டு மூன்று எண்ணிவிட்டுத்தான் இறக்குவோம். அந்த வருடம் மிகச் சிறந்த உபசரிப்புக்கான கேடயம் எங்கள் வாசலுக்குக் கிடைத்தது. தலையில் காற்று வாங்கியதற்காகக் கேடயம் பெற்றவர்கள் உலகத்தில் நாங்கள் இருவராகத்தான் இருப்போம்.

ஆனால் மார்ச், ஏப்ரலில் பன்னிரண்டிலிருந்து மூன்று மணிவரை பசுகூட வராது. அந்த நேரத்தில் ராஜாமணி சார் வருவார். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, குளிரூட்டிய அறையிலிருந்து கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து, படிக்கட்டில் இறங்கி, வெறும் வழுக்கையோடு வெயிலில் நின்று ரோட்டைப் பார்ப்பார். "பஸ் போயாச்சோ?" என்பார். நாங்கள் இருவரும் தொப்பியைத் தூக்கி வணங்கி, "போயிருச்சு சார்," என்போம். கடிகாரத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போவார். பத்து நிமிடத்தில் மறுபடி வருவார். மறுபடி பஸ்.

எங்களை வேவு பார்க்கிறார் என்று நான் ஒரு கோடை முழுக்கத் திட்டித் தீர்த்தேன். இரண்டாவது கோடையில் ஒருநாள் பழனிச்சாமி மெதுவாகச் சொன்னார்:

"ஏனுங் முத்து, அந்த மனுசன் ஸ்கூட்டருல வர்றவருங்க. அவுருக்கு எதுக்குங்க பஸ்சு?"

அவர் வரும்போதெல்லாம் எங்கள் தொப்பி எழும்பியது அப்போதுதான் எனக்கு உறைத்தது. தொப்பி வேண்டாம் என்று தலைமை அலுவலகத்துக்கு ராஜாமணி சார் மூன்று கடிதம் எழுதியிருந்தார் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. மூன்றுக்கும் ஒரே பதில்: தொப்பி நம் அடையாளம்.

இனி சொல்லப்போவதைத்தான் ஷாஜிக்கு ஒரு பேப்பரில் எழுத முடியாது.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருடம் முன்பு, ஒரு மேட மாதத்தில், கம்பெனிச் சேர்மனின் நெருங்கிய நண்பர் வீட்டுக் கல்யாணம். அந்த வாரம் பழனிச்சாமி காய்ச்சலில் கிடந்து எழுந்திருந்தார். அதை யாரிடமும் சொல்லவில்லை, என்னிடம் மட்டும் சொன்னார். கம்பெனி அதற்குள் எங்களை ஒப்படைத்திருந்த ஏஜென்சி, அடுத்த வாரம் ஐம்பத்தைந்து தாண்டியவர்களுக்கு மருத்துவப் பரிசோதனை வைத்திருந்தது. வாசலில் நிற்கத் தகுதியில்லை என்று எழுதிவிட்டால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். "சாருகிட்டச் சொல்லீராதீங்க. இந்த வாசலு போச்சுன்னா ஊட்டுல உக்காந்துக்கிட்டு நா என்னத்தப் பண்றதுங்க?" என்றார். சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

மதியம் பன்னிரண்டரைக்கு வீடியோக்காரர் வந்து எங்கள் இருவரையும் படிக்கட்டின் இரண்டு பக்கமும் நிறுத்தினார். மாப்பிள்ளை வரும்போது நாங்கள் தொப்பியைத் தூக்கினால் அவர் முகம் மறைகிறதாம். "சேட்டன்மார் ரெண்டு பேரும் சிலை. அனங்ஙப்படாது," என்றார். அசையக்கூடாது என்று அர்த்தம். இந்தத் தடவை மலையாளம் எனக்குச் சரியாகப் புரிந்தது. தலைக்கு மேலே ட்ரோன் சுற்றிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளையின் கார் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டது. ராஜாமணி சார் உள்ளே பந்தித் தகராறு ஒன்றைத் தீர்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்குப் பஸ் விசாரிக்க யாருமில்லை.

அரை மணி நேரம் கழித்துப் பழனிச்சாமியின் முகத்தைப் பார்த்தேன். காய்ந்திருந்தது. வாசலில் நிற்பவர்களுக்குத் தொப்பி விளிம்பில் எப்போதும் ஒரு வியர்வைக் கோடு இருக்கும். அது இல்லை. முகம் சிவந்து, சுட்ட ஓடு மாதிரி உலர்ந்துபோயிருந்தது.

அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். பணியாளர் அறைச் சுவரில் வெயில் எச்சரிக்கைத் தாள் ஒன்று ஒட்டியிருந்தது. மூன்று கோடையாகச் சோறு தின்னும்போதெல்லாம் அதை வாசித்து, எழுத்துப் பிழைகள் உட்பட எனக்கு மனப்பாடம். வியர்வை நின்றுபோவது ஆபத்து, உடனே நிழல், உடனே குளிர்ச்சி. உடனே என்பதற்கு அடிக்கோடும் போட்டிருந்தார்கள். அவ்வளவும் தெரிந்த நான் என்ன செய்தேன் என்றால், பார்த்துக்கொண்டே நின்றேன். காற்றில் காய்ந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். நான் சத்தம் போட்டு அது ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டால் காய்ச்சல் விஷயம் வெளியே வந்து, அவர் வேலை என்னால் போய்விடுமே என்று சொல்லிக்கொண்டேன். ட்ரோனைப் பற்றியும் நினைத்தேன். அதை மறைத்துப் பயனில்லை. சேர்மன் பார்க்கப்போகிற வீடியோவில் சிலை ஒன்று ஓடுகிறதே என்று ஆகிவிடக்கூடாது என்பதும் என் கணக்கில் இருந்தது. இப்படிப் பத்து நிமிடம்.

கண்ணாடிக் கதவு திறந்தது. ராஜாமணி சார். படி இறங்கி நேராகக் கேமராவுக்குக் குறுக்கே நடந்தார். வீடியோக்காரர், "சாரே, ஃப்ரேம், ஃப்ரேம்," என்று கத்தினார். இவர் காதில் வாங்கவில்லை. பழனிச்சாமியின் முன்னால் போய் நின்றார்.

"பஸ் போயாச்சோ?"

பசுவுக்கும் தூக்கிய கை அன்றைக்கு எழவில்லை. பழனிச்சாமி எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னார்: "பஸ்சு கெணத்துக்குள்ள எறங்கிருச்சுங்க."

ராஜாமணி சார் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அவர் அதைப் பார்க்காமல் ஒரு காரியம் செய்து நான் கண்டது அந்த ஒரு தடவைதான். இரண்டு கையாலும் பழனிச்சாமியின் தொப்பியைக் கழற்றித் தரையில் போட்டார். "முத்து, காலைப் புடி," என்றார்.

பணியாளர்கள் முன்வாசல் வழியாக உள்ளே போகக்கூடாது என்று ஒரு விதி இருந்தது. முன்வாசல் வழியாகத்தான் தூக்கிக்கொண்டு போனோம். பட்டுப்புடவைகளுக்கு நடுவே, வரவேற்பறையின் சில்லென்ற தரையில் கிடத்தினோம். மேடை அலங்காரத்துக்குத் தாமரை மொட்டுகளைப் பனிக்கட்டித் தண்ணீரில் போட்டுப் பெரிய தொட்டியில் வைத்திருந்தார்கள். ராஜாமணி சார் சாப்பாட்டு மேஜை விரிப்பை உருவி அதற்குள் முக்கி எடுத்து, பழனிச்சாமியின் சட்டையைக் கிழித்துவிட்டு உடம்பில் சுற்றினார். கழுத்திலும் அக்குளிலும் பனிக்கட்டியை வைக்கச் சொன்னார். யாரோ சம்பாரத்தோடு ஓடிவந்தார்கள். "வாயில ஒண்ணும் விடாதேங்கோ, புரையேறிடும். விசிறுங்கோ," என்றார். நான் என் தொப்பியால் விசிறினேன். நல்ல கனம், நல்ல அகலம். விசிறுவதற்கு அதைப்போல ஒன்று கிடையாது.

ஆம்புலன்ஸில் ராஜாமணி சாரே ஏறிப் போனார். பத்து நிமிடத்தில் மாப்பிள்ளை வந்தார். பழனிச்சாமி நின்ற இடத்தில் ஒரு பூந்தொட்டியை வைத்தார்கள். வீடியோவில் அது மிகப் பொருத்தமாக இருந்ததாகப் பின்னால் கேள்விப்பட்டேன்.

அவர் பிழைத்தார். முதல் இரண்டு நாள் அவருக்கு ஆட்களை அடையாளம் தெரியவில்லை, மூன்றாம் நாள் தெரிந்தது. ராஜாமணி சார் நாலாவது கடிதத்தை எழுதினார். இந்தத் தடவை எங்கள் இரண்டு தொப்பிகளையும், சுவரிலிருந்து கிழித்த அந்த எச்சரிக்கைத் தாளையும் பெட்டியில் போட்டுக் கடிதத்தோடு கூரியரில் அனுப்பினார். மார்ச் முதல் மே வரை தொப்பி வேண்டாம் என்று பதில் வந்தது. பழனிச்சாமிக்குச் சாவிக் கவுன்டரில் உட்கார்ந்து செய்யும் வேலை கிடைத்தது. உட்காருகிறவருக்கு நிற்கும் தகுதி எதற்கு என்று ஏஜென்சியிடம் கேட்டதும் ராஜாமணி சார்தான். ஷாஜி, புது நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதுங்கள். வெட்டிவேர் இரண்டாம்பட்சம். கடிதம் எழுதுகிறவரைக்கும் உங்கள் ஆட்களின் தொப்பி விளிம்பைப் பாருங்கள். பார்த்துக்கொண்டே நிற்காதீர்கள்.

அந்த மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்கு நான் ஆரஞ்சுப் பழத்தோடு போனேன். பழனிச்சாமி தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவர் மனைவியும் பக்கத்தில் இருந்தார். அவர்களுக்குத் தெரியட்டுமே என்று, நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். வியர்வைக் கோடு காய்ந்ததை முதலில் கவனித்தவன் நான்தான் என்பதை, கொஞ்சம் அழுத்தமாகவே, இரண்டு தடவை சொன்னேன். அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைக் கும்பிட்டார். நானும் பதிலுக்குக் கும்பிட்டேன்.

பழனிச்சாமி ஒரு சுளையை வாயில் போட்டு, மென்று விழுங்கி, கொட்டையைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"ஆமாங் முத்து. கண்ணு இருட்டிக்கிட்டு வர்றப்ப உங்க மூஞ்சி ஒண்ணுதானுங்க எனக்கு நல்லாத் தெரிஞ்சுது. பத்து நிமிசமா என்னையவே பாத்துக்கிட்டு நின்னீங்க. என்னமோ திடீர்னு எம்பேர்ல பாசம் வந்துருச்சாட்ட இருக்குதுன்னு நெனச்சுக்கிட்டனுங்க."